பாறைக்கரைப் பாதையும் புனைகதையும்: லைம் – சீற்றன் நடைவழி குறித்த ஒரு விமர்சன நோக்கு

இலக்கியத்தில் நிலம் பெறும் இடம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு எல்லைகளுள் அடங்கிவிடுகின்றன. கதைமாந்தரின் உணர்ச்சிகளுக்கு ஏற்ற பின்னணியாக நிலத்தைக் கொள்வது ஒன்று. கவிஞனின் தனித்த உள்ளம் இயற்கையோடு ஒன்றுபடும் களமாக அதனைக் காண்பது மற்றொன்று. நிலம் முன்னரே அமைந்து கிடப்பது, மனிதன் அதனுட் புகுந்து வெளியேறுகின்றான் என்னும் எண்ணமே இவ்விரு நோக்குகளுக்கும் அடிப்படையாகும். நிலம் யாருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை யாருக்கு எவ்வாறு வந்தது, அங்கு நடந்தோரை யார் கண்காணித்தனர் என்னும் வினாக்கள் இவற்றில் எழுவதில்லை. கடலோரப் பாறைகளின்மேற் செல்லும் நடைவழிகளைக் களமாகக் கொண்ட ஆங்கிலப் புனைகதைகளை நோக்குமிடத்து, இவ்வினாக்களைத் தவிர்த்துவிட்டு அவற்றைச் செவ்வனே மதிப்பிட இயலாது என்பது புலனாகும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது, இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செற் மாவட்டத்து லைம் றீஜிஸ் நகரையும் டெவன் மாவட்டத்துச் சீற்றன் நகரையும் இணைக்கும் ஏறத்தாழ 7 மைல் நீளமான நடைவழி. ஜேன் ஒஸ்ரினின் ‘பேர்சுவேஷன்’ நாவலும் ஜோன் ஃபௌல்ஸின் ‘பிரெஞ்சு லெப்ரினன்ரின் பெண்’ நாவலும் இந்நிலத்தைத் தழுவி எழுந்தவை. முன்னையது 1817ஆம் ஆண்டின் இறுதியில், ஆசிரியை மறைந்தபின் வெளிவந்தது. பின்னையது 1969இல் வெளிவந்து, 1867ஆம் ஆண்டின் லைம் நகரைச் சித்திரிப்பது. இவ்விரண்டிற்கும் இடையே, 1840இல் வெளியான ஒரு புவிச்சரிதவியல் நூலும் உண்டு. மூன்றும் ஒரே கரையைக் கண்டவை. ஆயினும் மூன்றும் கண்டவை ஒன்றல்ல.

1. நடத்தல் என்னும் கருத்து

நடத்தலை ஓர் இலக்கிய மதிப்பாக உயர்த்தியவர்கள் மனோரதியக் கவிஞர்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கூற்று. வேட்ஸ்வேத்தும் கோல்ரிட்ஜும் 1797ஆம் ஆண்டு நவம்பரிற் சோமர்செற் கரையோரமாக வாச்செற் நோக்கி நடந்தபோதே ‘பழைய மாலுமி’யின் திட்டம் உருவாயிற்று. இச்செய்தியை இலக்கிய வரலாற்று நூல்கள் விருப்போடு எடுத்துக் கூறும். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், இக்கவிஞர்களின் நடமாட்டத்தை வேவு பார்ப்பதற்கு அரசாங்கம் ஒற்றன் ஒருவனை அப்பகுதிக்கு அனுப்பியிருந்தது என்பது வெறும் வேடிக்கைச் செய்தியாகவே கூறப்பட்டு வருகின்றது. பிரெஞ்சுப் படையெடுப்புப் பற்றிய அச்சம் நிலவிய காலத்தில், தொழில் எதுவுமின்றிக் கரையோரத்திலே திரிந்து குறிப்பெழுதுவோர் ஐயத்திற்குரியவராயினர். எனவே மனோரதிய நடையின் பிறப்பிடத்திலேயே கண்காணிப்பும் உடனிருந்தது. இயற்கையின் மடியில் எவர் பார்வையும் படாது நடத்தல் என்பது அந்நடையிலிருந்து பின்னர் வடித்தெடுக்கப்பட்ட ஒரு கற்பனையேயன்றி, அதன் வரலாற்று உண்மையன்று.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதை முழுவதன் தோற்றமும் இதனையே உணர்த்துகின்றது. மைன்ஹெட் முதல் பூல் துறைமுகம் வரை 630 மைல் செல்லும் அப்பாதையின் பெரும்பகுதி, கள்ளக்கடத்தலைத் தடுப்பதற்காகக் கரையோரக் காவலர் நாள்தோறும் நடந்து தேய்த்த தடமாகும். ஒவ்வொரு குடாவையும் மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தமையாலேயே பாதை பாறையின் விளிம்பை விட்டு அகலாது செல்லுகின்றது. இன்று அழகுக்காகப் போற்றப்படும் காட்சிகள், அன்று காவலின் தேவையால் தெரிவு செய்யப்பட்டவை. நிலத்தைக் காட்சியாகக் காண்பதற்கு அதில் உழைப்பதினின்றும் விலகி நிற்றல் வேண்டும் என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் ‘நாடும் நகரமும்’ (1973) என்னும் நூலில் விரிவாக விளக்கினார். கரையோரப் பாதையைப் பொறுத்தவரை இக்கருத்தை இன்னும் ஒருபடி மேலே கொண்டு செல்லலாம். அங்கு காட்சியே ஒரு காலத்தில் ஒருவகை உழைப்பாக இருந்தது. அவ்வுழைப்பு மறக்கப்பட்ட பின்னரே அது இயற்கை அழகாயிற்று.

2. நகரும் நிலம்

லைம் – சீற்றன் நடைவழிக்குத் தனித்தன்மை அளிப்பது அதன் நில அமைப்பு. மேலே வெண்சுண்ணப் பாறையும் அதன்கீழே பச்சைமணற் படையும் அமைந்துள்ளன. அவற்றின் அடியில் நீரை உட்புகவிடாத களிப்படைகள் கடலை நோக்கிச் சரிந்து கிடக்கின்றன. மழைநீர் மேற்படைகளை ஊடுருவிச் சென்று களியின்மேற் தேங்கும்போது, மேலுள்ள நிலம் தன் பாரத்தினாலேயே வழுக்கிக் கீழிறங்குகின்றது. இவ்வாறு சரிந்த நிலம் பாறைச் சுவருக்கும் கடலுக்கும் இடையே மேடும் பள்ளமுமாகக் குவிந்து, அண்டர்கிளிஃப் எனப்படும் பாறையடி நிலமாக அமைந்துள்ளது. சீற்றன் பக்கத்திற் பாறை உச்சியாற் செல்லும் பாதை, பின்னர் இச்சரிவினுள் இறங்கிவிடுகின்றது. உட்புகுந்தோர்க்கு நெடுந்தூரம் வரை ஊர்ப்புறமாகவோ கடற்புறமாகவோ வெளியேற வழியில்லை.

இன்று அங்கு அடர்ந்துள்ள காட்டைக் கண்டு, அதனைத் தொன்மையான கன்னி வனமெனக் கருதுவோர் பலர். உண்மை அவ்வாறன்று. ஆடுகள் மேய்ந்த காலத்தில் அது பெரிதும் திறந்த வெளியாகவே இருந்தது; மேய்ச்சல் நின்ற பின்னரே மரங்கள் தாமாக முளைத்து அடர்ந்தன. 1955இல் அப்பகுதி தேசிய இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. 2001இல் டோர்செற், கிழக்கு டெவன் கரைகளின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. மனிதர் விலகியமையின் விளைவே இன்று மனிதர் காலடி படாத இயற்கையாகத் தோற்றமளிக்கின்றது. இத்தோற்றப்பாட்டை ஓர் எழுத்தாளன் ஊடறுத்துக் காண்கின்றானா என்பது அவன் படைப்பை மதிப்பிடும் அளவுகோல்களுள் ஒன்றாதல் தகும்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தே முதல், கரு, உரி என்னும் திணைப் பாகுபாடு நினைவுக்கு வருதல் இயல்பு. நிலத்தையும் அதில் வாழ்வோர் தொழிலையும் அவர்தம் ஒழுக்கத்தையும் ஒருசேர நோக்கும் அம்மரபு, நிலத்தை வெறும் பின்னணியாக்கும் நோக்கினும் ஆழமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அம்மரபில் ஒவ்வொரு நிலத்திற்கும் உரியோர் வரையறுக்கப்பட்டுள்ளனர். அண்டர்கிளிஃப் போன்றதொரு நிலத்தின் சிக்கலோ, அது யாருக்குரியது என்பதே தீர்க்கப்படாதிருந்தமையாகும். அங்கு உரிப்பொருள் வழக்காகவும் போராட்டமாகவும் நின்றது.

3. ஒஸ்ரின்: கொப்பின் படிக்கட்டு

‘பேர்சுவேஷன்’ நாவலில் லைம் நகருக்கு வருவோர் நாட்டுப்புறக் கனவான் குடும்பத்தினர். ஓரிரவு தங்கிச் செல்லும் உல்லாசப் பயணிகள். நகரை அறிமுகம் செய்யும் இடத்தில் ஒஸ்ரின் தம் வழக்கத்திற்கு மாறாகச் சுற்றுப்புறத்தின் வனப்பைச் சற்று நின்று விதந்துரைக்கின்றார். பின்னி எனப்படும் சரிவுகளின் பசுமையான பிளவுகளையும், பாறையின் ஒருபகுதி இடிந்து விழுந்த நாளிலிருந்து அங்கு மரங்கள் வளர்வதற்குத் தலைமுறைகள் பல கழிந்திருக்க வேண்டும் என்பதையும் அவர் குறிப்பிடுகின்றார். நிலம் அசைவது, அதற்குக் காலம் உண்டு என்னும் உணர்வு அவரிடம் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் அவருடைய மாந்தர் எவரும் அச்சரிவுகளுக்குச் செல்வதில்லை. ஆசிரியை பரிந்துரைக்கின்றார், பாத்திரங்கள் கொப் எனப்படும் கல் அலைதாங்கியோடு நின்றுவிடுகின்றனர்.

இதனைக் குறைபாடாகக் கொள்வது எளிது. ஆழ்ந்து நோக்கின் இது ஒருவகை நேர்மை. தம் மாந்தரின் வர்க்க வாழ்வு அவர்களை எதுவரை அழைத்துச் செல்லுமோ அதுவரையே ஒஸ்ரின் அவர்களை நடத்துகின்றார். அவருடைய நாவலில் நடத்தல் என்பது களிப்பன்று, உறவுகளின் அளவுமானி. லைம் பயணத்திற்கு முன்னர் நிகழும் வின்த்றொப் நடையில் ஆன் எலியட் களைப்புறுகின்றாள். அவளது களைப்பைக் கண்டுகொண்ட வென்ற்வேத் அவளை அட்மிரல் குறொஃப்ட் தம்பதியரின் வண்டியில் ஏற்றி அனுப்புகின்றான். அக்களைப்பினூடாகவே அவன் மனத்தில் எஞ்சியிருக்கும் அன்பு வாசகர்க்குப் புலனாகின்றது. லைம் கடற்கரையிலிருந்து மேலேறும் படிகளில், காற்றினாற் பொலிவு பெற்ற அவளது முகத்தை அறியாத ஒருவன் வியந்து நோக்குகின்றான். அந்நோக்கு வென்ற்வேத்தின் நோக்கையும் அவள்பால் திருப்புகின்றது. பெண்ணொருத்தி கரையில் நடத்தல் என்பது பிறர் காண நடத்தலே என்பதை ஒஸ்ரின் நன்கறிவார்.

லூயிசா கொப்பின் படிகளிலிருந்து குதித்து வீழும் நிகழ்ச்சியில் இப்பார்வை தலைகீழாகின்றது. அங்கு தொழில் செய்யும் தொழிலாளரும் படகோட்டிகளும் உதவி தேவைப்படின் உதவவும், அன்றேல் வேடிக்கை பார்க்கவும் கூடுகின்றனர். கனவான்கள் உழைப்போரைக் காட்சியின் ஓர் உறுப்பாகக் காண்பதே அக்கால வழக்கு. இங்கே உழைப்போர் கனவான்களைக் காட்சியாகக் காண்கின்றனர். நாவலின் அங்கதம் ஒருகணம் வர்க்க எல்லையின் மறுபுறத்திலிருந்து ஒலிக்கின்றது. அக்கணத்தின்பின் அது நீடிப்பதில்லை. கூடிநின்றோருள் எவருக்கும் பெயரில்லை. ஒஸ்ரினின் வன்மையும் வரம்பும் ஒரே இடத்தில் வெளிப்படுகின்றன.

4. 1839: நிலச்சரிவும் நூலும்

1839ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆந் திகதி இரவு, பிண்டன் பண்ணையில் நத்தார்க் கொண்டாட்டத்தை முடித்துத் திரும்பிய தொழிலாளர், தம் குடிசைகளுக்குச் செல்லும் வழி தாழ்ந்திருக்கக் கண்டனர். விடியுமுன் சுவர்கள் வெடித்தன. அடுத்து வந்த மணித்தியாலங்களில் வயல் நிலத்தின் பெரியதொரு துண்டு பிளந்து கடற்பக்கமாக நகர்ந்தது. நடுவே ஆழ்ந்த பள்ளமொன்று தோன்றியது. உயிரிழந்தோர் எவருமில்லை, வீடிழந்தோர் உளர்.

அக்ஸ்மின்ஸ்ரரின் குருவாகவிருந்த வில்லியம் கொனிபெயரும் ஒக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் பக்லண்டும் சில நாட்களுள் அவ்விடத்தை ஆராய்ந்தனர். 1840இல் வெளியான நூல், பெரியதொரு நிலச்சரிவை அறிவியல் முறையில் விவரித்த முன்னோடி நூல்களுள் ஒன்றாகும். பக்லண்டின் மனைவி மேரி வரைந்த ஓவியங்களும் அதில் இடம்பெற்றன. பூகம்பம் என்று பரவிய வதந்தியை மறுத்து, தொடர்மழையினால் நீர் ஊறிய மணற்படை களியின்மேல் வழுக்கியதே காரணம் என அவர்கள் நிறுவினர். தெய்வ சினம் என்றும் உலக முடிவு என்றும் கருத இடமிருந்த ஒரு நிகழ்ச்சியை, மதகுருமார் இருவர் மழையும் களியும் கொண்டு விளக்கியமை அக்கால அறிவு வரலாற்றிற் சிறப்பான இடம் பெறத்தக்கது.

ஆயினும் நிகழ்ச்சி விரைவிலேயே காட்சியாயிற்று. பிளவைக் காண மக்கள் திரண்டனர். நிலமுடையோர் கட்டணம் அறவிட்டனர். சரிவின் பெயரால் நடன இசையும் அச்சாயிற்று. ஆட்டுத்தீவு எனப் பெயர்பெற்ற பிரிந்த துண்டில் விதைத்திருந்த கோதுமை அழியாது முற்றியது. அதனை 1840 ஓகஸ்ற் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் விழாவெடுத்து அறுத்தனர். அறுவடை என்னும் உழைப்பே கட்டணம் செலுத்திப் பார்க்கும் நாடகமாயிற்று. குடிசை இழந்த தொழிலாளரை எவரும் பாடவில்லை. கரையின் அழகியல் எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

5. ஃபௌல்ஸ்: பொதுநிலமும் ஒழுக்கமும்

ஃபௌல்ஸ் 1965இல் லைம் நகருக்குக் குடிவந்தவர். அண்டர்கிளிஃபின் விளிம்பில், நிலம் அசைந்துகொண்டிருந்த அண்டர்ஹில் பண்ணைவீட்டிற் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். பின்னர் 1979 முதல் 1988 வரை லைம் அரும்பொருளகத்தின் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். அவருடைய நாவலில் நிலம் பின்னணியாக நில்லாது வாதமாகவே வருவதற்கு இவ்வறிவு துணைநின்றது.

நாவலின் முதல் அத்தியாயத்திலேயே கொப்பின்மேல் நிற்போரைத் தொலைநோக்கியினால் நோக்கும் உள்ளூர் ஒற்றன் ஒருவனைக் கதைசொல்லி கற்பித்துக் கொள்ளுகின்றார். இது வெறும் உத்தியன்று. நாவலின் அடிப்படைப் பொருள். விக்ரோரிய ஒழுக்கம் என்பது சட்டத்தினும் பார்வையினாலேயே நிலைநாட்டப்பட்டது. திருமதி போல்ற்னியின் வீட்டில் துணைப்பெண்ணாக வாழும் சேரா, அண்டர்கிளிஃபின் கிழக்கெல்லையில் அமைந்த வெயார் பொதுநிலத்தில் நடப்பதற்குத் தடை விதிக்கப்படுகின்றாள். காரணம், அது காதலர் ஒதுங்கும் இடம். கோடைநடுநாள் இரவில் ஊர் இளைஞர் களியாட்டயரும் இடம். போல்ற்னியின் தலைமையிலான சீமாட்டிகள் குழு பாதைக்கு வேலியிட்டு அடைத்துவிடக் கோரியதையும், பொது வழியுரிமை மீறப்படலாகாது என்னும் குரல் நகரசபையில் வென்றதையும் ஃபௌல்ஸ் நகைச்சுவையுடன் கூறிச் செல்லுகின்றார்.

இந்நகைச்சுவையின் பின்னே நிற்பது இங்கிலாந்தின் நிலவுடைமை வரலாறு. வேலியடைப்பினால் ஊர்ப் பொதுநிலங்கள் தனியுடைமையான காலத்தில், உழுவதற்குதவாத சரிவு என்பதனாலேயே இத்தகைய நிலங்கள் எஞ்சின. எஞ்சியவற்றிலும் நடக்கும் உரிமைக்காக ஊரவர் நிலமுடையோரை எதிர்க்க வேண்டியிருந்தது. ஒழுக்கத்தின் பெயரால் எழும் வேலிக்கோரிக்கையும் உடைமையின் பெயரால் எழும் வேலிக்கோரிக்கையும் ஒன்றே என்பதை இந்நாவல் நன்குணர்த்துகின்றது. நடத்தல் பற்றிய மனோரதியக் கனவைக் கடந்து, நடக்கும் உரிமையை நாவலின் பொருளாக்கியமை ஃபௌல்ஸின் பெருஞ் சாதனையாகும்.

சார்ள்ஸ் ஸ்மித்சன் இங்கு வருவது உயிர்ச்சுவடு தேடி. ஆணியடித்த காலணியும், சுத்தியலும், பையுமாக அவன் சுமந்து செல்லும் தளவாடத்தைக் கதைசொல்லி எள்ளுகின்றார். கோடிக்கணக்கான ஆண்டுகளின் சுவடுகளைக் கல்லிற் படிக்கத் தெரிந்த அக்கனவான், தன் வர்க்கமே உயிர்ச்சுவடாகிக் கொண்டிருப்பதை உணராதவன். பாறைப் பிளவில் உறங்கும் சேராவை அவன் மேலிருந்து குனிந்து நோக்கும் காட்சி, ஒஸ்ரினின் கடற்கரைப் படிக்கட்டுக் காட்சியோடு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு பார்வை பெண்ணுக்கு அவள் இழந்த மதிப்பை மீட்டுத் தந்தது. இங்கு பார்வை அவளை வேலையினின்று நீக்குவதற்கு வழிகோலுகின்றது. தடை செய்யப்பட்ட இடத்தினின்றும் தான் வெளிவருவதைப் போல்ற்னியின் வீட்டுக்காரியப் பெண் காணும்படி சேரா வேண்டுமென்றே நடக்கின்றாள். கண்காணிப்பைத் தப்புதற்கு வழியில்லாத ஒருத்தி, அக்கண்காணிப்பையே தன் தெரிவின் கருவியாக்குகின்றாள். இருப்பியல்வாதம் பேசிய ‘தெரிவு’ என்னும் கோட்பாடு, இவ்விடத்தில் மண்ணும் தொழிலும் ஊதியமும் கூடிய நிலையிற் சோதிக்கப்படுகின்றது.

6. நாவலின் வரம்பு

எனினும் ஃபௌல்ஸின் பார்வை முழுமையானதன்று. சார்ள்ஸும் சேராவும் மரங்களிடையே மறைந்து நிற்கையில், சார்ள்ஸின் பணியாள் சாமும் ஏணஸ்ரினாவின் மாமி வீட்டுப் பணிப்பெண் மேரியும் அவ்வழியே வருகின்றனர். தம்மைக் காண்போர் உளர் என்பதறியாது தழுவிக்கொள்ளுகின்றனர். அதுகண்டு சேரா புன்னகைக்கின்றாள். நாவலின் அழகிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் இக்காட்சியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தமக்கென ஓர் அறையேனும் இல்லாத பணியாளருக்கு, வேலை நேரத்தில் திருடியெடுத்த ஒரு நாழிகைத் தனிமையைத் தரவல்லது இப்பொதுநிலம் ஒன்றே. வழியுரிமை அவர்களுக்கு வாழ்க்கைத் தேவை. ஆனால் நாவல் அவர்களை ஓர் இடைநிகழ்ச்சியாக்கி, அவர்தம் அன்பைச் சார்ள்ஸின் மனமாற்றத்திற்குத் தூண்டுகோலாக மட்டும் பயன்படுத்துகின்றது. பிறர் பார்வையை இத்துணை நுணுகி விமர்சித்த நாவல், பணியாளரைத் தானே ஒளிந்திருந்து நோக்குகின்றது.

சேராவின் உள்ளத்துட் புகாது அவளைப் புதிராகவே விட்டுவைக்கும் உத்தியையும் இதனோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும். பாத்திரத்திற்குச் சுதந்திரம் அளிப்பதற்காகவே தான் அவ்வாறு செய்வதாகக் கதைசொல்லி பதின்மூன்றாம் அத்தியாயத்தில் வாதிடுகின்றார். இவ்வாதத்திற் பொருளுண்டு. ஆனால் விளைவு யாதெனின், அண்டர்கிளிஃபில் நடப்பதன் பொருள் சார்ள்ஸின் விழிப்பாகவே பதிவாகின்றது. அவளுக்கு அந்நடை யாதாயிருந்தது என்பது வாசகர்க்கு எட்டுவதில்லை. இறுதியில் அவள் இலண்டனில் ஓவியக் கலைஞர் இல்லம் ஒன்றிற் புகலடைகின்றாள். மாற்று முடிவுகளுள் பின்னையதில், சார்ள்ஸ் தேம்ஸ் நதிக்கரையிலே தனித்து நடந்து செல்லுகின்றான். நடை ஆணுக்கு எஞ்சுகின்றது. பெண்ணுக்கு அது கடந்துவந்த ஒரு கட்டமாகி விடுகின்றது.

இவ்விரு நாவல்களாலும் நிறைவு செய்யப்படாத ஓர் இடத்தை நிரப்பவல்ல வரலாறு லைம் நகரிலேயே உண்டு. மேரி அனிங் (1799–1847) தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள். பாறைகளின் அடியில் உயிர்ச்சுவடுகளைத் தேடியெடுத்து விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். அவருக்குக் கரையில் நடத்தல் உழைப்பு. குளிர்கால மழை பாறையை இடித்துப் புதியவற்றை வெளிப்படுத்தும் வேளையே அவருக்குத் தொழிற்பருவம். 1833இல் நிகழ்ந்த பாறைச் சரிவில் அவருடைய நாய் உயிரிழந்தது. அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். 1823இல் அவர் கண்டெடுத்த பிளிசியோசோரஸ் என்னும் கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூட்டை அடுத்த ஆண்டு இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தில் விளக்கியவர் கொனிபெயர்; பின்னர் பிண்டன் சரிவைப் பற்றி எழுதிய அதே கொனிபெயர். அவ்வுரையில் அனிங்கின் பெயர் கூறப்படவில்லை. அச்சங்கம் 1919 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவுமில்லை.

ஃபௌல்ஸ் இவ்வநீதியை அறிவார். தம் நாவலிலேயே அதனைக் கண்டித்துள்ளார். ஆனால் கண்டனம் கதைசொல்லியின் குறிப்பாக நின்றுவிடுகின்றது. கரையை உழைப்பினால் அறிந்த பெண் குறிப்பில் வருகின்றாள். கரையைப் பொழுதுபோக்காக அறிந்த ஆண் கதையின் நடுவே வருகின்றான். வரலாற்றுணர்வு மிக்க நாவலாசிரியரும் தாம் கைக்கொண்ட இலக்கிய வடிவத்தின் வர்க்கச் சாய்வினின்றும் எளிதில் விடுபட இயலாது என்பதை இது காட்டுகின்றது.

7. விமர்சனத்தின் கடமை

மேற்கூறியவற்றிலிருந்து, நிலத்தின் அழகை மறுத்து அனைத்தையும் உடைமை உறவுகளாகச் சுருக்கிவிட வேண்டும் என்னும் முடிவு பெறப்படுவதில்லை. அத்தகைய சுருக்கமும் விமர்சனம் ஆகாது. ஒஸ்ரின் வியந்த பசும்பிளவுகளும் ஃபௌல்ஸ் வருணித்த வசந்தகாலப் பாறையடி நிலமும் உண்மையான அனுபவத்தின் வெளிப்பாடுகளே. ஆனால் அவ்வனுபவம் ஒருவருக்கு வாய்ப்பதற்கு மற்றொருவர் பாதையைத் தேய்க்க வேண்டியிருந்தது. வேறொருவர் வேலியைத் தகர்க்க வேண்டியிருந்தது. இன்னொருவர் குடிசையை இழக்க வேண்டியிருந்தது. அழகின் இவ்வுற்பத்தியை உணர்த்தும்போதே விமர்சனம் அழகை அதன் முழுமையிற் காட்டுகின்றது.

1949ஆம் ஆண்டின் தேசிய பூங்காக்கள், நாட்டுப்புற நுழைவுரிமைச் சட்டம் நெடுந்தூர நடைவழிகளை அமைக்க வழிவகுத்தது. 2009ஆம் ஆண்டின் கடல், கரையோர நுழைவுரிமைச் சட்டமோ மேலும் ஒருபடி சென்று, கரை அரிக்கப்பட்டுப் பின்வாங்குமிடத்துப் பாதையும் அதனோடு உள்நகர்வதற்கு இடமளிக்கின்றது. லைம் – சீற்றன் பாதையே 2014ஆம் ஆண்டுச் சரிவின்பின் மூடப்பட்டு, 2016இல் மாற்றுத் தடத்துடன் மீண்டும் திறக்கப்பட்டது. கோட்டை நிலையாக நிறுத்தி உரிமையை நிறுவிய பழைய சட்டம், நிலம் அசையும்போது உரிமையை இழந்தது. நிலத்தின் அசைவை ஏற்றுக்கொண்ட புதிய சட்டம் உரிமையைக் காத்தது.

இலக்கிய விமர்சனத்திற்கும் இது பொருந்தும். ஒரு நூலின் பொருளை என்றைக்குமாக வரைந்துவிட்ட கோடாகக் கொள்வோர், சமூகம் அசையும்போது அதனை இழந்துவிடுவர். ‘பேர்சுவேஷன்’ நாவலிற் பெயரின்றி நின்ற படகோட்டிகளையும், 1840ஆம் ஆண்டின் ஓவியங்களுக்கு வெளியே நின்ற தொழிலாளரையும், ஃபௌல்ஸின் மரங்களிடையே கணநேரம் தோன்றி மறைந்த சாமையும் மேரியையும் இன்றைய வாசகன் கேட்கத் தொடங்கும்போது, அந்நூல்களின் பாதையும் உள்நோக்கி நகர்கின்றது. அந்நகர்வினாலேயே அவை வாசிக்கப்படும் தகுதியைத் தொடர்ந்து பெறுகின்றன.